ரத்தத்தில் சுண்ணாம்பு

போன வாரம் ஒரு நல்ல பெண்ணிடம் கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டு நஸீமா. என்னைவிட வயதில் சின்னவள். எங்கள் வீட்டில் காபித்தூள் தீர்ந்துபோனது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவு நெருக்கம். அவள் கழுத்தில் ஒரு கட்டி. எச்சில் விழுங்கினால் மேலே ஏறி, கீழே இறங்குகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, தைராய்டு கட்டிதான், பயப்பட ஒன்றும் இருக்காது, எதற்கும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றிருக்கிறார். தைராய்டு டெஸ்ட்டோடு கால்சியம் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இவள் முதலாவதை எடுத்துக்கொண்டு, இரண்டாவதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"கட்டி இருக்கிறது கழுத்துல. கால்சியம் எலும்புக்கு. இதுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம், சொல்லுங்கக்கா? சும்மா பேஜார் பண்றாங்க" என்றாள்.

"நாளைக்குக் காலையில மொத வேலையா போய் அந்த டெஸ்ட்ட எடு! எடுக்காம இந்த வீட்டுப் படி ஏறாதே!"

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். கால்சியம் என்ற சொல்லைக் கேட்டு இப்படிச் சாமியாடும் பெண்மணியை அவள் எங்கே பார்த்திருக்கப் போகிறாள்? மறுநாளே எடுத்துவிட்டாள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். என்னோடு பேச்சுவார்த்தைதான் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். வாராவாரம் என் புலம்பலைக் கேட்டுப் பழகியவர்கள் ஆயிற்றே...

என் அக்கா சரோஜாவின் கணவர் முனிரத்தினம். எனக்கு மாமா. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு மேஸ்திரி. (தோல் பதனிடும் தொழிற்சாலை என்று எங்கள் பக்கத்தில் யாரும் நீட்டி முழக்குவதில்லை. தோல் ஷாப்தான்.) பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால்தான் முடி கழன்று வரும். ஊறல் கம்மியானால் முடி நிற்கும், ஜாஸ்தியானால் தோலே வீணாகும். பிறகு தோலில் ஏறிய சுண்ணாம்பைக் கழுவி இறக்க வேண்டும். ஏற்றுவதும் இறக்குவதும்தான் மாமாவின் உத்தியோகம்.

கேலிக்குக் குறைச்சல் இல்லாத மனிதர். "ஏம்மா கொழுந்தியா, ஊர்ல எல்லாரும் சுவத்துக்குத்தான் சுண்ணாம்பு அடிப்பாங்க. உங்க மாமன் மாட்டுக்கே அடிக்கிறவன், தெரியும்ல?" என்பார். விரல் நுனியெல்லாம் வெடித்து வெளுத்திருக்கும். அந்தக் கையை மறைக்கவே மாட்டார். கல்யாண வீட்டில்கூட அந்தக் கையால்தான் எல்லோருக்கும் சந்தனம் கொடுப்பார்.

எழுபதுகளின் கடைசி. மாமாவின் கழுத்தில் ஒரு கட்டியை அக்காதான் முதலில் பார்த்தாள், அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது. அதற்கு முன்பே சிறுநீரில் கல் அடைத்து இரண்டு தடவை துடித்திருக்கிறார். எந்நேரமும் தாகம். அசதி. மூட்டு வலி. மலச்சிக்கல் வேறு. நின்று நின்று வேலை செய்தால் அப்படித்தான் என்பார். கல்லும் தாகமும் அசதியும் மூட்டு வலியும் ஒரே குடும்பம் என்று எங்களில் யார் கண்டோம்?

அக்கா விடாப்பிடியாக வேலூருக்குக் கூட்டிவந்தாள். டாக்டர் வெளி மாநிலத்துக்காரர், தமிழ் அரைகுறை. ரத்தப் பரிசோதனை செய்து, முடிவையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டு பேரும் ஆம்பூர் பஸ் பிடிக்கும் முன் வேலூரிலேயே இருந்த என் வீட்டுக்கு வந்தார்கள்.

"இன்னா மாமா சொன்னாரு டாக்டரு?"

மாமா நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"ரத்தத்துல சுண்ணாம்பு ஜாஸ்தியா இருக்குதாம்மா. இத்தினி வருஷமா தொட்டியிலயே கெடந்தா ஏறாம இன்னா பண்ணும்? தோலுக்கு ஏறுது, மனுசனுக்கு ஏறாதா?"

"இன்னொரு டெஸ்ட்டு எடுக்கணும், ஒரு மாசத்துல வாங்கன்னாரு. கழுத்துக்குள்ள சின்ன சின்னதா வேற ஏதோ இருக்குதாம்" என்றாள் அக்கா.

"அதெல்லாம் கட்டி சமாச்சாரம்டி. நான் சொல்றது ரத்தம்."

பாருங்கள், டாக்டர் பாவம், கால்சியத்துக்குத் தமிழ் தேடியிருக்கிறார். புத்தகத்தில் சுண்ணாம்புச் சத்து என்றுதானே போட்டிருக்கிறது? தஞ்சாவூர்க்காரருக்கு அதைச் சொன்னால் வெற்றிலைப் பெட்டி ஞாபகம் வரும். சொன்னது ஆம்பூர் சுண்ணாம்பு மேஸ்திரியிடம். நானும் அக்காவும் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. எங்கள் ஊரில் வேறு யாரும் சந்தேகப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

மாமா தொட்டி வேலையை விட்டார். முதலாளி நல்லவர், காய்ந்த தோல் அடுக்கும் கிடங்கில் ஓர் இடம் கொடுத்தார். மேஸ்திரிப் பட்டம் போயிற்று. தொட்டியில் கூட வேலை செய்த காதர் பாய், "தோஸ்த், நீ இல்லாம தொட்டிப் பக்கம் போகவே மனசு வரல. ஆனா உசுரு முக்கியம். நீ செஞ்சதுதான் சரி" என்று வீடு தேடி வந்து தைரியம் சொன்னார்.

அதோடு நின்றதா? தோலில் ஏறிய சுண்ணாம்பை இறக்கத் தெரிந்த மனிதர், தன் ரத்தத்தில் ஏறியதையும் இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். புளிப்பு சுண்ணாம்பை முறிக்கும் அல்லவா? காலையில் புளித்தண்ணீர். ராத்திரி எலுமிச்சம்பழச் சாறு. வெற்றிலை போடுவதை நிறுத்தினார். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஆளைத் தெருவோடு திருப்பி அனுப்பிவிட்டார். "எங்க வூடு ஒண்ணுதான் தெருவுல அழுக்கா நிக்குது" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். நாங்களும் சிரித்தோம்.

கட்டி வலிக்கவில்லை. வளரவும் இல்லை. வேலூருக்குப் போகலாம் என்று அக்கா வாய் திறந்தால், "அதான் தொட்டியையே வுட்டுட்டேனே, இன்னும் இன்னாடி டெஸ்ட்டு?" என்பார். வேலையையே விட்ட மனிதரிடம் அதற்கு மேல் என்ன பேச முடியும்?

சில வருஷங்கள் இப்படியே ஓடின. ஒருநாள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸிலிருந்து இறங்கினார். விழவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை. காலைத் தரையில் ஊன்றினார், தொடை எலும்பு முறிந்துவிட்டது.

வேலூரில் படம் எடுத்துப் பார்த்தவர்கள் உடம்பில் எந்த எலும்பும் உருப்படியாக இல்லை என்றார்கள். கழுத்தைத் தடவினார்கள். ரத்தம் எடுத்து எங்கோ வெளியூருக்கு அனுப்பினார்கள். பிறகு நம் பக்கத்துப் பெண் டாக்டர் ஒருவர் என்னையும் அக்காவையும் உட்காரவைத்துச் சொன்னார்.

மாமா கழுத்தில் வெளியே தெரிந்தது தைராய்டு கட்டி. அந்தத் தைராய்டுக்குப் பின்னால், பருப்பு மாதிரி நான்கு சின்னச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். பெயரில்தான் தைராய்டு, வேலை முற்றிலும் வேறு. ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவைதாம். நான்கில் ஒன்று பெருத்து, அளவுக்கு மேல் வேலை செய்ய ஆரம்பித்தால், எலும்பைக் கரைத்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். சிறுநீரகத்தில் கல் வரும். தாகம் வரும். வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் கழுத்தில் தைராய்டு கட்டி என்று வந்தால் கால்சியத்தையும் பார்ப்பது. அது ஜாஸ்தியாக இருந்தால் பாராதைராய்டு டெஸ்ட். அதுவும் கோளாறு என்றால், கட்டிக்காகக் கழுத்தைத் திறக்கும்போதே அந்தச் சுரப்பியையும் எடுத்துவிடலாம். ஒரே ஆபரேஷன். ஒரு தடவை திறந்து மூடிய கழுத்தை மறுபடி திறப்பது சிரமம், குரல் போகிற அபாயம்கூட உண்டு.

"அப்பவே வந்திருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்மா" என்றார் அந்தப் பெண் டாக்டர்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவின் ரத்தத்தில் இருந்தது தொட்டிச் சுண்ணாம்பு இல்லை. அது அவருடைய எலும்பு. புளித்தண்ணீர் குடித்த அத்தனை வருஷமும் அவர் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தார். உயிராக நினைத்த வேலையை விட்டாரே, அந்த வேலை அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சரி, இதோடு முடிந்திருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. கட்டியும் போயிற்று, பெருத்த சுரப்பியும் போயிற்று. இனிமேல்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார்கள். ஏனென்றால், பட்டினி கிடந்த எலும்புகள் இப்போது ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ரத்தத்தில் கம்மியாகிவிடும். அதனால் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஊசியிலும் ஏற்றினார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று மாத்திரையைக் கொடுத்த நர்ஸம்மாவிடம் மாமா கேட்டார்.

"இது இன்னா மாத்திரைம்மா?"

"கால்சியம்யா. சுண்ணாம்புச் சத்து மாத்திரை. நிறைய சாப்பிடணும், விட்டுடக் கூடாது" என்றாள் அந்தப் பெண், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. புரியும்படி சொல்ல வேண்டும் என்ற அக்கறைதான்.

மாமா தலையாட்டினார். அடுத்த கேள்வி கேட்கவில்லை.

ஆம்பூரில் அக்கா வேளாவேளைக்கு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். நான் பார்க்கப் போனபோது உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். விரல் நுனியிலும் அப்படித்தானாம். பயந்துபோய், "மாத்திரை ஒழுங்கா சாப்புடறீங்களா மாமா?" என்றேன்.

"சாப்புடறேன், சாப்புடறேன். இது நல்லதும்மா. சுண்ணாம்பு எறங்குது" என்றார். முகத்தில் ஒரு திருப்தி. தொட்டி மேஸ்திரியாக இருந்தபோது பார்த்த அதே முகம்.

டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று அக்கா சொன்னாள். மறுநாள் போவதாகப் பேச்சு. விடிந்ததும் அவர் கை விரல்கள் குவிந்து மடங்கிக்கொண்டன. உடம்பு இழுத்தது. தெருவில் யாரோ காக்கா வலிப்பு என்றார்கள், ஓடிப்போய் இரும்புச் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தார்கள். காதர் பாய் டாக்ஸி கொண்டுவந்தார். பள்ளிகொண்டா தாண்டும்போது தொண்டை இறுகி மூச்சு நின்றுவிட்டது. டாக்ஸி அதற்குப் பிறகும் வேலூர் வரை போனது. அக்கா நிறுத்தவிடவில்லை.

படுக்கையைச் சுருட்டியபோது, தலையணை உறைக்குள் மாத்திரைகள். சிலது பாதி கரைந்து துணியில் ஒட்டியிருந்தன. ஒன்றுகூட விழுங்கவில்லை போலிருக்கிறது. எங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். எதை விட்டுவிட்டு உயிர் பிழைத்தோம் என்று நம்பினாரோ, அதையே கைநிறையக் கொடுத்தால் அந்த மனிதர் என்ன செய்வார்? எங்களோடு சண்டை போடவும் மனசில்லை. விழுங்கவும் மனசில்லை.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. எழுதிப் பிழைக்கிறவள் நான், எனக்கே இந்தக் கதி. இப்போதெல்லாம் டாக்டர் ஏதாவது சொன்னால் அசடு மாதிரி மறுபடி மறுபடி கேட்கிறேன். எரிச்சல்படுகிறார்கள். பட்டுக்கொள்ளட்டும்.

வருஷ திவசத்துக்குப் போயிருந்தபோது, அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

"அந்த டாக்டரு மொதல்ல கால்சியம்னுதான்டி சொன்னாரு. இவரு 'இன்னா சார், இன்னா சார்'னு வுடாம கேட்டுக்கினே இருந்தாரு. சுண்ணாம்புன்னு சொன்னாரு பாரு... 'புரிஞ்சிடுச்சு சார்'னு கும்புட்டுட்டு எழுந்து வந்துட்டாரு."

அன்றைக்கு மாமாவுக்கு அது புரியாமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.