தோள் ஏன் வலித்தது

எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்டுவிடுவது என் சுபாவம். “வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்று அம்மா விட்டுவிடுவாள். மாமியார் விடமாட்டாள். “ஏத்தா, ஒரு நாளைக்கு எம்புட்டுக் கேள்விதான் கேப்ப, வாய் வலிக்காதா?” என்பாள். அவள் எனக்குச் சொந்த அத்தை, அப்பாவின் அக்காள். ஆகையால் உரிமையோடு திட்டுவாள். நானும் உரிமையோடு கேட்பேன்.

அது யுத்த காலம். மதுரைக்கு மேற்கே, நாகமலையையும் தாண்டிய கண்மாய்ப் பாசன ஊர் எங்களுடையது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் எனக்கு ஒரு தடவை நாள் தள்ளிப்போனது. அத்தை தண்ணீர்க் குடத்தை என் இடுப்பிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். தள்ளிப்போன பத்தொன்பதாம் நாள் காலையில் லேசாக உதிரம் பட்டது. அத்தையின் முகம் விழுந்துவிட்டது. “சரி, தள்ளி வந்திருக்கு, போ” என்று பாயையும் எனக்கென்று ஒதுக்கிய தட்டையும் எடுத்து வாசலில் வைத்தாள்.

எங்கள் ஊரில் மாதவிலக்கான பெண்கள் வீட்டில் இருக்கக் கூடாது. ஊர் எல்லையில் முட்டு வீடு என்று ஒரு பொது அறை உண்டு. ஐந்து நாளும் அங்கேதான். வீட்டார் சோறு கொண்டுவந்து, ஆளைத் தொடாமல் தட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் தொடலாம். தெருவுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. இந்த விஷயத்தில் என் அத்தையைப் போலக் கறாரானவள் ஊரில் கிடையாது. முட்டு வீட்டுப் பக்கமிருந்து காற்றடித்தாலே முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ஐந்து நாளும் பிடிக்கும். அடுப்பில்லை, சாணி அள்ள வேண்டாம், ஊர்வம்பு பேச ஆள் இருக்கும்.

அந்தத் தடவை என்னோடு பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி மட்டும் இருந்தாள். மூன்று பிள்ளை பெற்றவள். முதல் இரண்டு நாள் அடிவயிற்றில் வலது பக்கம் மட்டும் விட்டுவிட்டு வலித்தது. வழக்கமான வலிதானே என்று சுருண்டு படுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் உள்ளே ஏதோ அறுந்ததுபோல் ஒரு வலி வந்தது. கொஞ்ச நேரத்தில் அது தோள்பட்டைக்கு ஏறியது. எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டியது. அந்த நிலையிலும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. வயிறு நோகட்டும், சரி. தோள் ஏன் நோகிறது? நான் குடம் தூக்கித்தான் பல நாளாகிறதே.

அத்தை கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். பத்தடி தள்ளி நின்று, “தட்ட எடுத்து வை” என்றாள். என்னால் எழ முடியவில்லை. பக்கத்துத் தெருக்காரிதான் வாசலுக்குப் போனாள்.

“பெரியாத்தா, இது மாசாமாசம் வார வலி இல்ல. தோள்பட்ட வலிக்குதுங்கறா. உதடெல்லாம் வெளுத்துப்போச்சு, கை சில்லுன்னு கெடக்கு. நான் தெருவுக்குள்ள வர முடியாது, நீங்கதான் ஆளக் கூப்புடணும்.”

“சூட்டு வலியா இருக்கும். வெந்தயம் கொண்டாரேன்.”

“நீங்க வெந்தயம் கொண்டார வரைக்கும் இவ இருக்க மாட்டா.”

அத்தை கலயத்தைக் கீழே வைத்தாள். அப்போது என்ன யோசித்தாள் என்று பின்னால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், சொன்னதேயில்லை. பிறகு நேராக உள்ளே வந்து என் கன்னத்தில் கை வைத்தாள். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். என்னைத் தூக்கித் தன்மேல் சாய்த்துக்கொண்டு, மகன் பெயரைச் சொல்லி ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

மெயின் ரோடு வரை மாட்டு வண்டி. அங்கிருந்து கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் பின்பக்கம் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும். மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். என் வீட்டுக்காரர் டிரைவர் பக்கத்தில் நின்று, “அண்ணே, கொஞ்சம் வெரசாப் போங்கண்ணே” என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் தலை அத்தை மடியில் இருந்தது. எதிரே இருந்த ஒருத்தி, “புள்ளைக்கு என்ன செய்யுது?” என்று கேட்டாள். “வயித்து வலி” என்றாள் அத்தை. முட்டு வீட்டிலிருந்து வருகிறோம் என்று சொல்லியிருந்தால் எங்களை இறக்கிவிட்டாலும் விட்டிருப்பார்கள். அத்தை ஒன்றை மறைத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “கடைசியா எப்பம்மா குளிச்சே?” என்று கேட்டார்.

“மூணு நாளா வீட்டுக்குத் தூரம்” என்று அத்தை முந்திக்கொண்டாள்.

“அதுக்கு முந்தி?”

நான் நாளை எண்ணிச் சொன்னேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “இது மாசவிலக்கு இல்ல. கரு. கர்ப்பப்பைக்குப் போகாம வழியில இருக்கிற குழாயிலேயே தங்கி, குழாய் வெடிச்சிருக்கு. இப்பவே வயித்தத் திறக்கணும்” என்றார். மூக்கின் மேல் வைத்த மருந்தின் வாடைதான் அடுத்து என் நினைவில் இருப்பது.

நான்காம் நாள் எனக்கு வாய் திரும்பியது. டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். பாவம், அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டே காட்டினார். கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய். கரு அந்தக் குழாய் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். எனக்கு உடனே புரிந்தது: வயலுக்குப் போக வேண்டிய விதை மடைக்குள்ளேயே முளைத்திருக்கிறது. அங்கே வளர இடமேது? பிள்ளைக்கென்று கர்ப்பப்பை போட்டுவைத்த மெத்தை கலைந்து வந்ததைத்தான் நாங்கள் மாதவிலக்கு என்று நினைத்துவிட்டோம். தோள் வலித்ததற்கும் காரணம் இருந்தது. வயிற்றுக்குள் கொட்டிய ரத்தம் மேலேறி நெஞ்சுக்கூட்டின் அடிச்சவ்வைத் தொட்டதாம். அந்தச் சவ்வின் நரம்பும் தோளின் நரம்பும் ஒரே இடத்திலிருந்து வருவதால் உடம்பு ஏமாந்துபோகிறதாம்.

“அந்தக் கருவ எடுத்துக் கர்ப்பப்பையில வைக்க முடியாதாம்மா?” என்று கேட்டேன்.

“அது இன்னும் யாருக்கும் கைவரல” என்றார்.

வெடித்த குழாயைக் கட்டி எடுத்துவிட்டார்கள். வயிற்றில் தேங்கியிருந்த என் ரத்தத்தையே அள்ளி, மெல்லிய துணியில் வடிகட்டி, உறையாமலிருக்க ஏதோ உப்பு நீரைக் கலந்து, கை நரம்பு வழியே எனக்கே திரும்ப ஏற்றினார்களாம். இப்போதெல்லாம் ஸ்கேனில் முன்னாலேயே பார்த்து, சிலருக்கு ஊசியாலேயே சரிசெய்துவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அன்றைக்கு வயிற்றைத் திறப்பது ஒன்றுதான் வழி. இன்னொரு குழாய் நன்றாக இருக்கிறது, பிள்ளை பிறக்கலாம், ஆனால் நாள் தள்ளியவுடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அத்தை ஒன்றே ஒன்று கேட்டாள். “அப்ப, அந்த மூணு நாளும் இவளுக்குத் தீட்டே இல்லையாம்மா?”

“இல்லம்மா.”

அத்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “புள்ளத்தாச்சியவா வெளிய போட்டேன்” என்று வாய்விட்டு அழுதாள். எனக்கு இழந்த கருவை நினைத்து அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, உண்மையாகவே விலக்கானேன். அத்தை பாயையும் தட்டையும் எடுத்து வாசலில் வைத்தாள். நான் முட்டு வீட்டுக்குப் போனேன். மத்தியானம் கலயத்தோடு வந்தவள் பத்தடியில் நிற்கவில்லை. உள்ளே வந்து, கலயத்தை வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துப் பார்த்தாள், இமையை இழுத்துப் பார்த்தாள், வயிற்றை அமுக்கி “இங்க வலிக்குதா? தோள்பட்ட?” என்று கேட்டாள். பிறகு கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு வீட்டுக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. ஐந்தாம் நாள் தும்மிக்கொண்டே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“ஏன் அத்தே, இப்ப நெசமாவே தீட்டுத்தான? பெறகு எதுக்குத் தொடுற?” என்று கேட்டேன்.

“தீட்டுன்னா தலைக்கு ஊத்துனாப் போயிரும். நீ போயிட்டா?” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தாள்.