வக்கீலம்மாவுக்கு ஒரு முத்திரை

பாளையங்கோட்டையில் நோட்டரி வக்கீல் விஜயஸ்ரீயிடம் முத்திரை வாங்குவதும், புகுந்த வீட்டில் மாமியாரிடம் நல்ல பேர் வாங்குவதும் ஒன்றுதான். துபாய்க்கு நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்ணோ, கனடாவுக்குப் படிக்கப் போகிற பையனோ, நகலை மட்டும் நீட்டினால் "அசல் எங்க?" என்பார். மகனுக்குப் பதில் அப்பா வந்தால், "கையெழுத்து போடப் போறது அவனா, நீங்களா?" என்று திருப்பி அனுப்புவார். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்தவர்கள் திட்டிக்கொண்டே போவார்கள். ஆனால் அவர் முத்திரை வைத்த காகிதம் எந்த நாட்டிலிருந்தும் திரும்பி வந்ததில்லை. அதனால் திட்டிக்கொண்டே மறுபடியும் வருவார்கள்.

அப்படிப்பட்டவருக்கே ஒருநாள் முத்திரை தேவைப்பட்டது.

மகள் மாதுரி அயர்லாந்தில் பிள்ளைத்தாய்ச்சி. "அம்மா, நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று போனில் அழுதிருந்தாள். விசாவுக்கு மாதுரியின் பிறப்புச் சான்றிதழ் நகலில் நோட்டரி சான்று வேண்டும். மறுநாள் காலை சென்னையில் காகிதங்களைக் கொடுக்க வேண்டும், அதற்கு இன்று ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட். இதை விட்டால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் பிள்ளை பிறந்துவிடும். ஊரையெல்லாம் முன்கூட்டியே வரச்சொல்லும் அம்மாள், பெட்டியில் முறுக்கும் அதிரசமும் அடுக்குவதிலேயே நாளை ஓட்டிவிட்டார்.

தன் காகிதத்துக்குத் தானே முத்திரை வைக்க முடியாது. மற்ற நோட்டரிகள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தார்கள். மிச்சம் ஒரே ஆள், பக்கத்து அறை கருத்தையா. அவரோடு விஜயஸ்ரீக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆள் வராமலேயே அவர் ஒரு காகிதத்தில் முத்திரை வைத்ததைப் பார்த்துவிட்டு, "செத்தவன் காகிதத்துக்கும் இப்படித்தான் குத்துவீங்களோ?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார் இவர். யாருக்குத்தான் பொறுக்கும்?

"அண்ணாச்சி..." என்று வாசலில் நின்றார்.

கருத்தையா மூக்குக்கண்ணாடியைப் பைய இறக்கினார். "வக்கீலம்மாவா? வாங்க, உக்காருங்க."

வாங்கிய காகிதங்களை அவர் படித்தார். மறுபடியும் படித்தார். முத்திரையைத் தொடவே இல்லை. பழிவாங்குகிறார் என்று விஜயஸ்ரீக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாஸ்போர்ட்டுல கோபாலசுப்பிரமணியன் விஜயஸ்ரீ. இங்கன பிள்ளையோட அம்மா பேரு ச. விஜயஸ்ரீ. இந்த ச. விஜயஸ்ரீ யாரு?"

விஜயஸ்ரீ சான்றிதழை இழுத்துப் பார்த்தார். மாதுரி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிக் கொடுத்தது கணவர் சங்கரநாராயணன். மகள் பிறந்த பூரிப்பில் மனைவி பெயருக்கு முன்னால் அவர் அப்பாவின் எழுத்துக்குப் பதிலாகத் தன் எழுத்தைப் போட்டுவிட்டு லட்டு வாங்க ஓடிவிட்டார். ஊரார் இனிஷியலையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த வக்கீலம்மா, சொந்த மகளின் சான்றிதழை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

"இப்படியே போயிருந்தா அங்கன மறுத்திருப்பாங்க" என்றார் கருத்தையா. "அன்னைக்கு நீங்க கேட்டீங்கல்லா, அதுக்கப்புறம் நான் ஆளைப் பார்க்காம, காகிதத்தைப் படிக்காம ஒண்ணுலயும் முத்திரை வெச்சதில்ல."

விஜயஸ்ரீயால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "இப்ப என்ன செய்யட்டும், அண்ணாச்சி?"

"மத்தவங்களுக்கு என்ன சொல்லுவீங்க? அதேதான்."

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரிக்க வேண்டும். விஜயஸ்ரீ தன் அறைக்கு ஓடி, அதை அடித்து எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் விஷயம் பரவி, வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. வக்கீலம்மா சத்தியம் செய்கிற காட்சி தினமுமா கிடைக்கும்?

"எழுந்து நின்னு சத்தமா வாசிங்க" என்றார் கருத்தையா.

"ச. விஜயஸ்ரீ என்பதும் நான்தான், கோ. விஜயஸ்ரீ என்பதும் நான்தான்..." என்று தொடங்கியவருக்குப் பாதியிலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூட்டமும் சிரித்தது. கருத்தையா மட்டும் சிரிக்கவில்லை, பாவம், மீசைக்குள் அடக்கிக்கொண்டிருந்தார்.

அடையாளத்துக்கு விஜயஸ்ரீ ஆதார் அட்டையை நீட்டினார். கருத்தையா அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். 'இவரை நான் நேரில் அறிவேன்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். கொஞ்சம் யோசித்து, வரிக்கு மேலே 'நன்றாக' என்று ஒரு சொல்லை இடுக்கிச் சேர்த்தார்.

படித்த விஜயஸ்ரீக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் குணம் போகுமா? "அண்ணாச்சி, இடையில சேர்த்து எழுதினா பக்கத்துல சின்னக் கையெழுத்து போடணும்."

கருத்தையா வாய்விட்டுச் சிரித்தார், கையெழுத்துப் போட்டார், பத்திரத்திலும் நகலிலும் முத்திரையை ஓங்கிக் குத்தினார். "வண்டிக்கு நேரமாச்சு, கெளம்புங்க. பிள்ளையைக் கையில வாங்கினதும் எனக்கொரு போன் போடுங்க."

காகிதம் திரும்பி வரவில்லை, விசாதான் வந்தது. அடுத்த மாதம் ஒரு மத்தியானம், கட்சிக்காரர் ஒருவரின் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்த கருத்தையாவின் போன் அடித்தது. பேசி முடித்தவர் பத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடிவந்து, டீக்கடை வரை கேட்கும்படி கூவினார்:

"ஏலே, எல்லாரும் வாங்கலே! நமக்குப் பேத்தி பொறந்திருக்கா!"