தவக்காலத்தில் ஒரு டப்பா கொலாஜன்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குச் சில நாள் முன்பு, ஒரு காலையில், கழிப்பறையில் சிவப்பைப் பார்த்தேன். பீட்ரூட் என்று உடனே தீர்ப்பு எழுதினேன். வீட்டில் பீட்ரூட் வாங்கி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அந்தச் சாட்சியத்தை நான் விசாரிக்கவில்லை. பயந்தவனை நீதிபதியாக உட்கார வைத்தால் இப்படித்தான்.

என் அப்பா குடலில் வந்த புற்றால் போனவர். அவர் போன வயதை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன். மறுபடியும் சிவப்பைப் பார்த்தேன். அதற்குப் பிறகு, பார்க்காமலே தண்ணீரைத் திறந்துவிடப் பழகிக்கொண்டேன். மந்தைவெளியில் எனக்கு நிறையப் படித்தவன் என்று ஒரு பெயர் உண்டு.

மனைவியிடம் வயிறு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் தன் தங்கையிடம் சொல்ல, கொட்டிவாக்கத்திலிருந்து கொழுந்தியாள் ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஒரு டப்பாவுடன் வந்து இறங்கினாள்.

"அத்தான், இது சாதா கொலாஜன் இல்ல, புளிக்க வெச்சது. நான் முட்டிவலிக்குப் போடுறேன், மாடிப்படி எப்படி ஏறுறேன் பாருங்க. குடலுக்கு இன்னும் நல்லதாம். உள்ள இருக்குற அழற்சியெல்லாம் அடங்கிடுமாம்."

"எதுல செய்யறாங்க?"

"மாட்டுத்தோல், எலும்பு. கேள்வி கேக்காம குடிங்க. ருசியே இருக்காது."

கண்ணாடி போட்டுக்கொண்டு டப்பாவைப் படித்தேன். மாட்டின் புரதத்தை நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்துத் துண்டு துண்டாக்கிவிடுகின்றன, அதனால் குடலுக்கு வேலை மிச்சம் என்றது. அதில் 'அழற்சி' என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். எவ்வளவு மரியாதையான சொல்! அழற்சி வந்தவன் சாவதில்லை, பொடி கலக்கிக் குடிக்கிறான். எனக்கு இருப்பது அழற்சிதான் என்று அன்றே முடிவாகிவிட்டது.

தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரில் ஒரு கரண்டி. கொழுந்தியாள் சொன்னதுபோல ருசி இல்லாமல் இல்லை. ஆட்டுக்கால் பாயா வைத்த சட்டியைக் கழுவிய தண்ணீர் போலிருந்தது.

தவக்காலம் தொடங்கியதும் சிக்கல் வந்தது. வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம். இறைச்சி ஆகாது, மீன் ஆகும். மனைவி கோப்பையை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"காலையில மாட்டெலும்பக் குடிச்சிட்டு சாயந்திரம் சிலுவைப்பாதைக்கு வரப் போறீங்களா?"

"இது மருந்தும்மா."

"மருந்துன்னா டாக்டர் எழுதித் தரட்டும். அப்பக் குடிங்க."

அவள் கணக்கு டீச்சர். அந்த வாதம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், ஆகவே அந்தப் பக்கமே போகவில்லை. கொழுந்தியாளுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமைக்கென்று மீன்தோலில் செய்த டப்பா ஒன்று தனியாக வந்து சேர்ந்தது. சுத்தபோசனத்தை இவ்வளவு நுணுக்கமாக அனுசரித்தவன் எங்கள் பங்குக் கோயிலிலேயே வேறு யாரும் இருக்க முடியாது. டாக்டரிடம் போகாமல் இருப்பதற்காக மனிதன் எந்த விரதத்தையும் பிடிப்பான்.

இதற்கிடையில் நான் இளைத்துக்கொண்டே வந்தேன். சட்டை தோளிலிருந்து வழிந்தது. வேறு மாதமாக இருந்தால் யாராவது உடம்புக்கு என்ன என்று கேட்டிருப்பார்கள். தவக்காலத்தில் பாராட்டினார்கள். கோயிலைத் திறந்து பூட்டி மணியடிக்கும் கோயில்பிள்ளை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், ஒருசந்தி இருந்து இருந்து பாதியா பூட்ட! மூஞ்சி அப்டியே புனிதர் சுரூபம் மாதிரி கீது. உன்ன மாடத்துல நிக்க வெச்சா மெழுகுவத்தி ஏத்திட்டுப் போவானுங்க."

ஒரு வேளை மட்டும் உண்டு நோன்பிருப்பதுதான் ஒருசந்தி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்மை என்று எடுத்துக்கொண்டார். அன்று காலை நான் ஆறு இட்லி தின்றிருந்தேன். இளைப்பதைப் பார்த்து மிரண்டு, வேண்டுமென்றே அதிகம் தின்றுகொண்டிருந்த நாட்கள் அவை. தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று யோசனை வந்தால் இன்னொரு இட்லியைப் போட்டுக்கொள்வேன். சிலுவைப்பாதை வழிபாட்டில் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிடும்போது அடிவயிறு இழுத்தது. சுற்றிலும் எல்லாரும் மனந்திரும்புதலுக்காக வேண்டினார்கள். "ஆண்டவரே, அழற்சியாகவே இருக்கட்டும்" என்று நான் வேண்டினேன்.

அப்படியொரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து இருவரும் நடந்து வரும்போது, பறக்கும் ரயில் நிலையத்துக்குக் கீழே மனைவி நின்றாள்.

"நீங்க ஒருசந்தி இருக்கீங்கன்னு கோயில்ல எல்லாரும் பேசிக்கிறாங்க."

"பேசிட்டுப் போறாங்க."

"அவங்க பேசலாம். சோறு போடுறது நான்தானே?"

தலைக்கு மேல் ரயில் வந்தது. அது போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள். வகுப்பில் சத்தம் அடங்குவதற்காக நிற்கிற அதே நிற்பு.

"மூணு வேளையும் சாப்பிடுறீங்க. மீன் கொழம்பு வெச்சா நாலு வேளை. எங்க போகுது அதெல்லாம்?"

"கொஞ்சம் அழற்சி..."

"ரத்தம் போகுதா?"

நான் ரயில் போன திசையைப் பார்த்தேன்.

"உங்க துணிய ஊறப் போடுறது யாரு? நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். எப்பலேர்ந்து?"

"சாம்பல் புதனுக்கு முன்னாடி."

திட்டியிருந்தால் தேவலை. தெருவில் என்னைத் தொட்டு நடக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தாள். அந்தப் பிடிதான் என்னைக் கலங்கடித்தது.

மறுநாளே அடையாறில் ஒரு குடல் மருத்துவர். சின்ன வயதுக்காரர்.

"எதுக்காக அந்தப் பொடி குடிச்சீங்க?"

"அழற்சிக்கு."

"அழற்சின்னு யாரு சொன்னா?"

"டப்பா."

அவர் சிரிக்கவில்லை. எதிரே இருப்பவர் சிரித்தால்தான் பயத்தில் எனக்கு மூச்சு வரும். "வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "இவங்க அப்பாவுக்கு" என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

குடலுக்குள் குழாய்விட்டுப் பார்த்தார்கள். மயக்கம் தெளிந்ததும், நிறையப் புண் இருக்கிறது, சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஓசான்னா பாடினார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். அடுத்த ஆண்டு இதே ஓலையை யார் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பதிலேயே மனம் நின்றுவிட்டது.

புனித வாரத்தின் நடுவில், காலைப் பலகாரம் முடிந்த நேரத்தில் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் மனைவியிடம் நீட்டிவிட்டேன்.

"ம்... ம்... சொல்லுங்க டாக்டர். சரி. ம்... சரிங்க."

வாழ்நாளெல்லாம் விடைத்தாள் திருப்பிக் கொடுத்த முகம் அது. மதிப்பெண் அதில் தெரியவே தெரியாது. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "புற்று இல்லையாம். குடல்ல நாள்பட்ட புண்ணு. மாத்திரைய விடவே கூடாதாம். அடிக்கடி கொழா விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணுமாம். கவனிக்காம விட்டா அதுவா மாறலாமாம்."

"இப்ப இல்லல்ல?"

"இப்ப இல்ல."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பாத்திரம் துலக்கும் சத்தம் மட்டும் வரவில்லை. எழுந்து கதவுவரை போனேன். உள்ளே எட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.