நூல் கட்டிய இலைகள்

போன கிழமை எங்கள் வீட்டு ஆட்டின் மேல் அபாண்டமாகப் பழி போட்டேன். எழுபது தாண்டியும் இந்தப் புத்தி… என்ன சொல்ல?

என் மருமகள் பயிர்களின் மரபணுக்களை ஆராய்கிறாள். பட்டத்துக்கான ஆய்வு. பல்கலைக்கழகத் தோட்டத்தில் குரங்குத் தொல்லை என்று, கௌபிப் பயறு நட்ட சாடிகளை உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு.

அன்று அவள் வெளியே போயிருந்தாள். சில இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. அவற்றின் காம்புகளில் சிவப்பு நூல். கழிக்க வேண்டியவற்றுக்கு அடையாளம் — இல்லாவிட்டால் நூல் எதற்கு? கத்திரிக்கோலை எடுத்தேன். செடிகள் பளிச்சென்று ஆகிவிட்டன. வெட்டியதை ஆட்டுக்குப் போட்டேன்.

பின்னேரம் வந்தவள் முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

“மாமா, நூல் கட்டின இலையள் எங்கை?”

அவள் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. உண்மை தொண்டை வரை வந்தது. வாயால் வந்ததோ வேறு.

“ஆடு கடிச்சுப்போட்டுது போல, பிள்ளை.”

அவள் குனிந்து செடிகளைப் பார்த்தாள்.

“ஆட்டுக்கு ஆர் மாமா கத்திரிக்கோல் குடுத்தது?”

ஒத்துக்கொண்டேன். “பழுத்த இலைதானே எண்டு நினைச்சன்…”

“அதுதான் மாமா எனக்கு வேணும்.”

பழுக்கும் இலை சும்மா இருப்பதில்லையாம். உள்ளே சில மரபணுக்கள் விழித்து, இலையிலுள்ள சத்தைப் பிரித்துக் காய்க்கு அனுப்பவைக்கின்றன. எது முதலில் விழிக்கிறது? அதை அந்த இலைகளில்தான் அவள் பார்க்க இருந்தாள். விஞ்ஞானம் படிப்பித்த எனக்கோ, பழுத்த இலை என்றால் வேலை முடிந்த இலை. வகுப்பிலும் அப்படித்தான் சொன்னேன்.

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?”

கேட்டிருக்கலாம். ஆனால், வாத்தியார் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் விடை அவரிடமே இருக்கும். தெரியாததைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

இனி விதையிலிருந்து தொடங்க வேண்டும். என்னால் அவள் பட்டம் ஒரு போகம் தள்ளிப் போய்விட்டது. அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இலையை வெட்டியது அறியாமை, சரி. ஆட்டைக் காட்டியது?

நேற்றுப் புது விதை போட்டாள்.

“தண்ணி நீங்கள்தான் மாமா ஊத்தவேணும். மறந்துபோடாதேங்கோ.”

தலையை ஆட்டினேன்.

கத்திரிக்கோலை மட்டும் அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறாள் — ஆட்டுக்கு எட்டாதாம்.