இடது மூலையில் குவிந்த பொத்தான்கள்

நாலு மணிக்கு மேல் நான் அலுவலகத்தில் இருப்பதில்லை. கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்குப் பஸ். சண்டை நடந்த அந்தக் காலத்தில் வழியில் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதிப்பார்கள் என்று ஆண்டவனுக்கே தெரியாது. இருட்டுவதற்குள் நான் கதவைத் தட்டவில்லை என்றால் அம்மா அழத் தொடங்கிவிடுவார்.

ஆகவே அன்றைக்கு எழுதிய நிரல் பாதியோ முக்காலோ, எந்த நிலையில் இருந்தாலும் எல்லாரும் திறக்கக்கூடிய பொதுக் கணினியில் போட்டுவிட்டுத்தான் எழும்புவேன். எங்கே நிறுத்தினேன், அடுத்தது என்ன, எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவேன். நிரலுக்கும் அது திறக்கும் கோப்புகளுக்கும் முதல் நாள் பிரதியையும் பக்கத்தில் வைப்பேன். ஒருமுறை சோதனையில் பிடித்து என்னை ஒரு பகல் முழுக்க வைத்திருந்தார்கள். என் கணினியைத் திறக்க வழியில்லாமல் அலுவலகமே கையைப் பிசைந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு வந்த பழக்கம் இது. முடியாத வேலையைப் பொதுவில் போடக்கூடாது என்று இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு நாளைக்கு வருவோம் என்பது நிச்சயம். எனக்கு அப்படி இல்லை.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரும்புக் கடைக்கு மேல்மாடி, மூன்று பேர். முதலாளி கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கத் தமிழர். அடையாள அட்டையில் பிறந்த இடம் கொழும்பு என்றிருப்பதால் சோதனைச் சாவடியில் அவர் முதுகு வளையாது. என் அட்டையில் யாழ்ப்பாணம். மூன்றாவது ஆள் என்னைவிட இளைய சிங்களப் பொறியியலாளர். அவர் என்னை அக்கே என்பார், நான் அவரை மல்லி, அதாவது தம்பி, என்பேன்.

நாங்கள் செய்த சாமான் கணினித் திரைகளை வரையும் ஒரு மென்பொருள் கருவி. எந்தப் பொத்தான் எங்கே, எழுதும் கட்டம் எங்கே என்று மவுஸால் இழுத்து வைத்தால் போதும், அது வேலை செய்யும் திரையாக மாறிவிடும். துறைமுகத்தடியில் சரக்கு எடுத்துக்கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு அதில் ஏராளமான திரைகள் செய்து கொடுத்திருந்தோம். அவர்கள் கணினிகளை மாற்றப் போனார்கள். புதியவற்றில் பொத்தான், கட்டம் எல்லாம் வேறொரு நிரல் தொகுதியிலிருந்து வரும். எங்கள் கருவி அந்தத் தொகுதிக்குப் பழக வேண்டும். அந்த வேலை என்னுடையது.

பழைய தொகுதியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் நிலையான இடம். இடப்பக்கத்திலிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு, கதை முடிந்தது. புதியதில் பெட்டிக்குள் பெட்டி. பக்கத்தில் யார் என்பதைப் பார்த்து ஒவ்வொன்றும் ஒதுங்கி இடம் கொடுக்க வேண்டும். வெள்ளவத்தையில் வாடகைக்கு விடும் ஒடுக்கமான அனெக்ஸ் ஒன்றில் இரண்டு குடும்பம் இருப்பதுபோல. பழைய திரையைத் திறந்ததும் எவை எவை ஒரே வரிசை என்று கருவியே ஊகித்து, அவற்றைப் பெட்டிகளில் அடுக்க வேண்டும். அந்த ஊகம் என் கைக்கு வரத் தொடங்கிய நாட்களில் எனக்குச் சாப்பாடு கூட நினைவில்லை. ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கொழும்பில் உனக்கு என்ன வேலை என்பதுதான் பொலிசார் எப்போதும் கேட்கும் கேள்வி. அதற்கு என்னிடம் இருந்த பதில் இந்தக் கருவி ஒன்றுதான். இது கையை விட்டுப் போனால் அம்மாவும் நானும் இந்த ஊரில் இருக்கக் காரணமே இல்லை.

ஒரு நாள், பழைய இடங்களை அழிக்கும் பகுதி முடிந்திருந்தது, பெட்டிகளில் அடுக்கும் பகுதி முடியவில்லை. வழக்கம்போல் பொதுக் கணினியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் கம்பெனிக்காரர் பார்க்க வருகிறார்கள். காலையில் வெள்ளென வந்து முடிக்கலாம் என்பது என் கணக்கு.

காலையில் புறக்கோட்டைக்குக் கிட்ட பஸ்ஸை மறித்தார்கள். அட்டையைப் பார்த்தார்கள். மற்றவர்கள் ஏறினார்கள், என்னைப் பொலிசுக்குக் கொண்டுபோய் வாங்கில் இருத்தினார்கள்.

"ரஸ்ஸாவ மொகத?" என்று வேலையை விசாரித்தார் ஒருவர்.

"கொம்பியூட்டர், சேர்."

நம்பினாரோ என்னவோ, காத்திரு என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அங்கே இருந்துகொண்டு நான் என்னைப் பற்றித்தான் பயந்திருக்க வேண்டும். ஆனால் நினைப்பெல்லாம் முதலாளிமேல்தான் இருந்தது. மனுசனுக்குப் பொறுமை கிடையாது. என்னைக் காணவில்லை என்றால் தானே திறப்பார். திறந்தால் எல்லாப் பொத்தானும் இடது மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியும். அதோடும் விடமாட்டார், எதைக் கண்டாலும் உடனே சேமித்துவிடும் வியாதி அவருக்கு. சேமித்தால் பழைய இடங்கள் அழிந்தது அழிந்ததுதான். பிள்ளையாரே, கொட்டாஞ்சேனையில் கரண்ட் இல்லாமல் போகட்டும் என்று நேர்ந்தேன்.

மத்தியானமாகும்போது ஓர் அதிகாரி அலுவலகத்துக்கு போன் எடுத்தார். முதலாளியின் குரல் எனக்கே கேட்டது: "ஒவ், ஒவ், அபே கெனெக்." ஓம், எங்கள் ஆள்தான். அந்த மனுசனைத் திட்டிய திட்டெல்லாம் அந்த நிமிடமே மறந்து போனது. என்னை விட்டார்கள்.

மேல்மாடிக்கு ஓடினேன். கம்பெனிக்காரர் போய்விட்டிருந்தார்கள். மல்லிதான் முதலில் எழும்பி வந்தார். "அக்கே, பயவென்ன எபா", பயப்பட வேண்டாம் என்று தேற்றிவிட்டு, தெரிந்த தமிழில் சொன்னார்: "எல்லாம் சரி. அக்கா எழுதினது பாத்துத்தான் நான் செஞ்சது."

நான் பயந்தது அப்படியே நடந்திருந்தது. முதலாளி திறந்தார், பொத்தான்கள் குவிந்தன, வந்தவர்கள் சிரித்தார்கள், இவர் பதறிப்போய்ச் சேமித்தார். மல்லி நான் வைத்த முதல் நாள் பிரதியை எடுத்துத் திரைகளை மீட்டுவிட்டார். விருந்தாளிகள் தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள் என் குறிப்புகளை வாசித்து, ஒரு சின்னத் திரையைப் பெட்டிகளில் அடுக்கியும் காட்டியிருக்கிறார். அவர்கள் சந்தோசமாகப் போனார்களாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டு இருத்தினார். முகத்தில் கோபமே இல்லை.

"பிள்ள, கோவிச்சுக்காதீங்க. இனி இத அந்தத் தம்பியே செய்யட்டும். நீங்க எழுதி வச்சிருக்கிறது அவ்வளவு தெளிவாம். யாரும் விட்ட இடத்தில இருந்து செய்யலாமாம்."

"நான் முடிக்கிறன் சேர். ரெண்டு நாள் தாங்கோ."

"ரெண்டு நாள் தரலாம். நீங்க வருவீங்கன்னு எனக்கு யாரு சொல்றது?"

நாளைக்கு வராமல் போகலாம் என்று தினமும் நாலு மணிக்குக் குறிப்பெழுதி அவருக்குச் சொல்லிவந்தவளே நான்தானே. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இதுதான் அது. அவர்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி என்மேலேயே திரும்பியது. மல்லி என் பக்கம் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தார். அவரும் பாவம், அவர் கேட்டு எடுத்ததில்லை. எனக்குக் கிடைத்தது கருவிக்கான உதவிக் குறிப்புகளை எழுதும் வேலை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்பது போன்றவை.

அன்றைக்கு இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டேன். பொலிசில் இருந்த கதை எப்படியோ அம்மாவின் காதுக்கு எட்டியிருந்தது. வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலைக்கு ஒண்டும் பிரச்சினை இல்லைத்தானே பிள்ளை?"

"ஓம் அம்மா, வேலை இருக்கு."

அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டார். பொலிஸ் வாங்கில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.