ஹெல்மெட்டில் அடை உட்கார்ந்த கோழி

தங்கச்சி வீட்டில் கோழி குஞ்சு பொரித்துவிட்டது. வைத்த ஐந்தும் பொரிந்துவிட்டது, ஒன்றுகூடக் கூமுட்டை இல்லை என்று போனில் சொன்னாள். சந்தோஷமான சேதிதானே? போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கோழி அடை உட்கார்ந்திருந்தது எதில் தெரியுமா? அவள் புருஷனுடைய ஹெல்மெட்டில். பைக் ஹெல்மெட் இல்லை. கம்பெனியில் கொடுக்கிற மஞ்சள் ஹெல்மெட்.

தங்கச்சி செல்வியைக் கட்டிக் கொடுத்திருப்பது அண்ணாகிராமம் பக்கம். மாப்பிள்ளை குமரவேலுக்கு முந்திரித்தோப்பு... இருந்தது. 'தானே' புயல் வந்து போன காலையில் எல்லா மரமும் வேரோடு படுத்துக் கிடந்தது. மறுபடி கன்று வைத்து அது காய்க்க வருஷக்கணக்காகும். அதுவரை வயிறு சும்மா இருக்குமா? கடலூர் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்துவிட்டார்.

எனக்குக் கெமிக்கல் என்றாலே பயம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உள்ளே என்ன காய்ச்சுகிறார்கள், என்ன வடிக்கிறார்கள் — ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயத்துக்குப் பயப்படுவதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று பார்த்து வரப் போனேன். பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த மூலையில் கோழி உட்கார்ந்திருந்தது. அதன் கீழே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். கோழி என் கையைக் கொத்தியது.

"என்னாம்மா இது? மாப்ள ஹெல்மெட்டு மாரி இருக்குது?"

"ஹெல்மெட்டேதாண்ணே. இவுரு வந்து கவுத்துப் போடாம மல்லாக்க வச்சிட்டாரு. அது பாட்டுக்கு ஏறி முட்ட வுட்டுடிச்சி. சரின்னு நானும் வைக்கோல் போட்டு அடை வச்சிட்டேன்."

வைக்கோல் மட்டுமா? முட்டைகளுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு. இடி இடித்தால் கரு கலங்கிவிடுமாம். அதற்குக் காப்பு.

"முட்டைய ஒரு கூடையில மாத்தி வையேன்."

செல்வி என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அடை உக்காந்த கோழிய யாருனா எடம் மாத்துவாங்களாண்ணே? அப்புறம் திரும்ப உக்காருமா? புயல்ல கூண்டோட எல்லாம் போயிடிச்சி. மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்."

மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன்.

"அப்ப நீங்க எதப் போட்டுக்கினு வேலைக்குப் போறீங்க?"

"நம்ம அந்தோணி இருக்காரு இல்ல மச்சான், அவுரு காலை ஷிப்ட்டு. முடிச்சிட்டு வெளிய வந்தார்னா கேட்டாண்ட எங்கிட்டக் குடுத்துட்டுப் போவாரு. அதப் போட்டுக்கினு நான் உள்ள போவேன். வாட்ச்மேனுக்கு மஞ்சள் தெரிஞ்சா போதும்."

"உள்ள போன பிறகு?"

"உள்ள எவன் போடுறான்? வேர்த்து ஊத்தும். வால்வுல மாட்டி வச்சிடுவோம்."

"ஸ்டோர்ல இன்னொண்ணு கேக்கறதுதானே?"

"கேட்டா, வந்த மாசமே தொலைச்சிட்டான்னு பேரு வரும். கோழி உக்காந்திருக்குதுன்னா சொல்ல முடியும்? மூணு வாரம் மச்சான். குஞ்சு பொரிச்சா நம்முளுது வந்துடப் போவுது. நீங்க ஜாஸ்தி ரோசன பண்ணாதீங்க. சாப்புடுங்க."

செல்வி சிரித்தாள். "எங்கண்ணன் இந்தக் கோழிக்கே ஒரு ஹெல்மெட் வாங்கிப் போடும்."

நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்ணுக்குள் ஒரே படம். மாப்பிள்ளை வெறும் தலையோடு நிற்கிறார்... மேலே இருந்து ஏதோ விழுகிறது. அதற்குப் பிறகு தினமும் சாயந்திரம் போன் போட ஆரம்பித்தேன். கோழி எப்படி இருக்கிறது என்று கேட்பேன். கேட்க வந்தது கோழியை இல்லை என்று செல்விக்கும் தெரியும்.

நான் பயந்தபடியே விழுந்தது. ஆனால் மாப்பிள்ளை தலையில் இல்லை.

அன்றைக்கு ஆள் குறைவாம். அந்தோணியை அடுத்த ஷிப்ட்டும் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட் வரைக்கும் வந்து, கம்பி வழியாக ஹெல்மெட்டை நீட்டியிருக்கிறார். "நான் உள்ளதான இருக்கப் போறேன், எனக்கு எதுக்கு? நீ போட்டுக்கினு வா" என்று.

மாப்பிள்ளை போட்டுக்கொண்டு போனார். வாட்ச்மேன் மஞ்சளைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். உள்ளே போனதும் வழக்கம் போல வால்வில் மாட்டினார். கொஞ்ச நேரத்தில் மேல்தளத்தில் யாரோ ஸ்பேனரைக் கை தவறவிட்டிருக்கிறார்கள். அந்தோணி கீழே நின்றிருந்தார்.

ஹெல்மெட் கூப்பிடு தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மாப்பிள்ளையோடு நானும் போனேன். அந்தோணி கண்ணைத் திறக்கிறார். பொண்டாட்டியை அடையாளம் தெரிகிறது. பேச்சுதான் குழறுகிறது. டாக்டரைக் கேட்டால், "பார்க்கலாம்" என்கிறார். இந்த ஒரு வார்த்தையைப் போலப் பயமுறுத்துகிற வார்த்தை வேறு இருக்கிறதா?

வராந்தாவில் அந்தோணியின் மனைவி மாப்பிள்ளையைப் பார்த்ததும் எழுந்து வந்தது.

"அண்ணே, ஹெல்மெட் போடாதது இவுரு தப்புன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டுப் போறாரு. காலையில போட்டுக்கினுதான போனாரு, நான் பாத்தேனே? அது எங்க போச்சின்னே தெரியல."

மாப்பிள்ளை வாயைத் திறப்பாரா? திறந்தால் வாட்ச்மேன் விஷயம், கோழி விஷயம் எல்லாம் வெளியே வரும். கான்ட்ராக்ட் ஆளை அனுப்புவதற்கு ஒரு வாய் வார்த்தை போதும். தோப்பும் இல்லை. சொல்லிவிட்டால் தேவலை என்றும் இருந்தது, சொல்லாமல் இருந்தால் தேவலை என்றும் இருந்தது.

"எங்கிட்டதாம்மா இருந்திச்சி" என்றார். "என்னுது வூட்ல மாட்டிக்கிச்சி. அவருதத்தான் வாங்கிப் போட்டுக்கினு போனேன். யாரு கேட்டாலும் சொல்றேன்."

அந்தம்மா திட்டவில்லை, அழவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"நீங்களாவது போட்டிருந்தீங்களாண்ணே?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்தவர்தான். கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற வரைக்கும் நிமிரவில்லை.

சொன்னபடியே சூப்பர்வைசரிடமும் போய்ச் சொல்லிவிட்டார். அவர் கேட்டுக்கொண்டாராம். அதற்கு மேல் ஒரு பேச்சும் இல்லையாம். வேலை இன்றைக்கு வரைக்கும் இருக்கிறது. நாளைக்கு? நான் என்ன கண்டேன்!

இப்போது குஞ்சு பொரித்துவிட்டதால் ஹெல்மெட் திரும்பி வந்துவிட்டது. செல்வி சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறாள். நேற்று மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன். "உள்ளயும் போடுறீங்களா?"

"எல்லாருமே போடுறோம் மச்சான். ஒரு வாரமா."

"அடுத்த வாரம்?"

பின்னால் குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்துவது மட்டும் கேட்டது.

அந்த ஹெல்மெட் இதுவரை ஐந்து உயிரைக் காப்பாற்றியிருக்கிறது — ஐந்துக்கும் இன்னும் ரெக்கை முளைக்கவில்லை.