ஆற முதல்

மியூனிக் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெர்மன் உணவகத்தில் பதினெட்டு வருடமாகச் சமைக்கிறேன். பட்டரில் பொரித்த மான் இறைச்சி இரண்டு நிமிடம் காத்திருந்தாலும் பரிமாறுகிறவர்களிடம் கத்துவேன். ஆனால் வீட்டில் அடுப்பைத் தொட்டதில்லை.

போன மார்கழியில் மனைவி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். "வேலையிலை செய்யிறதை எனக்கும் ஒருக்காச் செய்து தாங்கோவன்" என்றாள்.

பட்டர் நுரைத்ததும் மான் இறைச்சியைப் போட்டு, உருகிய பட்டரைக் கரண்டியால் அள்ளி அள்ளி மேலே ஊற்றினேன். உள்ளே சிவந்திருந்தால் அவள் தொடமாட்டாள் என்று கொஞ்சம் கூடுதலாகவே வேகவிட்டேன். சிறு துண்டுகளாக வெட்டி அவள் முன் வைத்தேன். அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்கள் சாப்பிடுங்கோ. நான் பிறகு சாப்பிடுறன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறினால் ருசி போயிடும். இப்பவே சாப்பிடும்!"

ஒரு துண்டை வாயில் வைத்தவள் சிரித்தாள். "கலியாணம் கட்டின பிறகு இண்டைக்குத்தான் சுடச்சுடச் சாப்பிடுறன்."

குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாள். முன்பின் தெரியாதவர்களின் தட்டுக்காகக் கத்திய நான், எனக்குப் பரிமாறிக்கொண்டு நின்றவளின் சோறு ஆறியதை ஒருநாளும் கவனிக்கவில்லை.

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். என்னுடைய துண்டு சட்டியில் ஆறிக்கொண்டிருந்தது.